அடைத்து வைத்தால் திருந்துவார்களா? தவறு செய்த சிறார்களின் வீடு தேடி வரும் மனநலச் சிகிச்சை!

சிறார்களுக்கென உலகின் முதல் தனி நீதிமன்றம் 1899-ல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் தொடங்கப்பட்டது. நூறாண்டுகள் கழித்து அதே ஊரில் நடந்த ஆய்வு, ஒரு கசப்பான உண்மையைச் சொன்னது.

அங்குள்ள தடுப்புக்காவல் மையத்துக்கு 1995 முதல் 1998 வரை கொண்டுவரப்பட்ட 1,829 சிறார்களை, பேராசிரியர் லிண்டா டெப்ளின் குழுவினர் பரிசோதித்தனர். பையன்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்கும், பெண்பிள்ளைகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்கும் மனநலப் பாதிப்போ, போதைப்பழக்கமோ இருந்தது.

இவர்களைப் பூட்டி வைத்தால் போதுமா?

'வேண்டாம், வீட்டிலேயே சிகிச்சை கொடுக்கலாம்' என்கிறது 'மல்ட்டிசிஸ்டமிக் தெரபி'. அமெரிக்க உளவியலாளர் ஸ்காட் ஹெங்லர் உருவாக்கிய முறை இது. ஓர் ஆலோசகருக்கு நான்கு முதல் ஆறு குடும்பங்கள் மட்டுமே. அவர் வீட்டுக்கே வருவார். நள்ளிரவில் பிரச்னை என்றாலும் போனில் அழைக்கலாம். பெற்றோர், பள்ளி, நண்பர்கள் என எல்லாப் பக்கமும் வேலை நடக்கும். மூன்று முதல் ஐந்து மாதங்கள் இது தொடரும். தீவிர மனநலப் பாதிப்பு உள்ளவர்களுக்கான பிரிவில், மனநல மருத்துவரும் குழுவில் இருப்பார்.

பலன்? மிசௌரி மாநிலத்தில், ஏற்கெனவே பலமுறை கைதான 176 சிறார்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 1995-ல் வெளியானது. நான்கு ஆண்டுகளில், இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 26 சதவிகிதம் பேர் மீண்டும் கைதாகினர். தனிநபர் கவுன்சலிங் மட்டும் பெற்றவர்களிலோ 71 சதவிகிதம்!

ஆனால், இது மந்திரக்கோல் அல்ல. இங்கிலாந்தில் 684 குடும்பங்களிடம் நடத்தி, 2018-ல் வெளியான ஆய்வில், அங்கு வழக்கமாகக் கிடைக்கும் சேவைகளைவிட இது கூடுதல் பலன் தரவில்லை. அந்த வழக்கமான சேவைகளும் சிறார்களை ஊரிலேயே வைத்துக் கவனித்தவைதான்.

நம் நாட்டில்? 2015-ம் ஆண்டு சிறார் நீதிச் சட்டமும், இல்லத்தில் வைப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்கிறது. பிள்ளையைப் பெற்றோருடன் அனுப்பி, இருவருக்கும் கவுன்சலிங் தர உத்தரவிடும் அதிகாரம் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு உண்டு. முதல்முறை ஆஜர்படுத்திய 15 நாள்களுக்குள் நன்னடத்தை அலுவலர் குடும்பச் சூழலை விசாரித்து அறிக்கை தர வேண்டும்.

பெற்றோர் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். பிள்ளையின் தூக்கமின்மை, பழைய சிகிச்சை, மாத்திரை விவரம் எதையும் 'வெளியே தெரிந்தால் அவமானம்' என்று மறைக்காமல் அவரிடம் சொல்லிவிடுங்கள். பிள்ளைக்குத் தேவை பூட்டா, சிகிச்சையா என்று குழுமம் முடிவெடுக்க அந்த அறிக்கை உதவும்.