நிற்கும் மரத்தை எடைபோடும் கணக்கு

அமெரிக்காவின் ஓரிகன், வாஷிங்டன் மாநிலங்களின் மழைமிகு மலைச்சரிவுகளில் 450, 500 வயதைத் தாண்டிய டக்ளஸ் ஃபிர் மரங்கள் இன்னும் நிற்கின்றன. இந்த மூத்த காடுகளில் எவ்வளவு கார்பன் தேங்கியிருக்கிறது என்று அறிய மரங்களை வெட்டித் தராசில் ஏற்ற முடியாது, ஏற்றவும் கூடாது.

தரையிலிருந்து சுமார் 1.3 மீட்டர் உயரத்தில், அதாவது மார்பளவில், நாடாவைச் சுற்றித் தண்டின் விட்டம் எடுக்கப்படுகிறது. முன்பு வெட்டி எடைபோட்ட மரங்களைக் கொண்டு வகுத்த சமன்பாட்டில் அதை இட்டால் மரத்தின் உலர் எடை கிடைக்கும். அதில் ஏறத்தாழப் பாதி கார்பன். ஆனால் அப்படி வெட்டப்பட்டவை பெரும்பாலும் சிறிய, நடுத்தர மரங்கள். இரண்டு மீட்டர் விட்டமுள்ள கிழமரத்துக்கு அந்தச் சமன்பாடு அப்படியே பொருந்துவதில்லை. உச்சி முறிந்திருக்கும், உள்ளே உளுத்துப் பொந்து விழுந்திருக்கும். நாடா இதையெல்லாம் காட்டாது.

கலிஃபோர்னியாவின் ரெட்வுட் காடுகளில் ஆய்வாளர் ஸ்டீவ் சில்லெட் குழுவினர் கயிறு கட்டி உச்சிவரை ஏறி, தண்டையும் கிளைகளையும் நேரடியாக அளந்தார்கள். உடலை வருத்தும் வேலை. நம்பத்தக்க எண் அப்படித்தான் கிடைத்தது. அங்கே ஒரு ஹெக்டேரில், தரைக்கு மேலே மட்டும், 2,600 டன் வரை கார்பன் இருக்கிறது.

விழுந்த மரங்களும் கணக்கில் சேர வேண்டும். காட்டுக்குள் ஒரு நேர்கோடு போட்டு, அதற்குக் குறுக்கே கிடக்கும் ஒவ்வொரு கட்டையின் விட்டமும் குறிக்கப்படுகிறது. மட்கிய கட்டை பருமனாகத் தெரிந்தாலும் எடை குறைவு. கத்தி எவ்வளவு எளிதாக உள்ளே இறங்குகிறது என்று பார்த்து அதன் சிதைவு நிலை தீர்மானிக்கப்படுகிறது. கட்டைகள் மட்க எத்தனை காலம் ஆகும் என்பதை அறிய, ஓரிகனின் எச்.ஜே. ஆண்ட்ரூஸ் ஆய்வுக்காட்டில் மார்க் ஹார்மன் 1985-இல் 200 ஆண்டு ஆய்வு ஒன்றைத் தொடங்கினார். தலைமுறைகள் கைமாற்றி முடிக்க வேண்டிய பணி அது. மண்ணிலுள்ள கார்பனுக்கு, குழாய் இறக்கி மாதிரி எடுத்து உலர்த்திச் சோதிக்கிறார்கள்.

இவையெல்லாம் இருப்புக் கணக்கு. ஆண்டுதோறும் எவ்வளவு கார்பன் வருகிறது, எவ்வளவு வெளியேறுகிறது என்பது வேறு கணக்கு. மூத்த காட்டில் வரவும் செலவும் சமமாகிவிடும் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 2008-இல் ஆய்வாளர் லூய்சார்ட் குழுவினர் 519 இடங்களின் தரவுகளை ஆராய்ந்து, பழங்காடுகள் பலவும் கார்பனைத் தொடர்ந்து சேர்த்துவருகின்றன என்று காட்டினர். வாஷிங்டனின் விண்ட் ரிவர் காட்டில் கிரேன் கோபுரத்தில் பொருத்திய கருவிகள் காற்றின் வேகத்தையும் கார்பன் டை ஆக்சைடின் செறிவையும் விநாடிக்குப் பல முறை பதிவுசெய்தன. அவற்றைக் கொண்டு கணக்கிட்டபோது, அந்தக் காடு சில ஆண்டுகளில் கார்பனை உள்வாங்கியது, சில ஆண்டுகளில் வெளிவிட்டது. அதனால் ஓரிரு ஆண்டு அளவீட்டை மட்டும் வைத்து ஒரு பழங்காட்டின் வரவுசெலவைத் தீர்மானிக்க முடியாது.