எட்டு வயது வரை தாய்ப்பால்!

குழந்தைக்குப் பால் மறக்கடிப்பது எவ்வளவு சங்கடமான காரியம் என்பது பெற்றவளுக்குத்தான் தெரியும். குழந்தை அழும்; அதைப் பார்த்துத் தாயும் கண் கலங்குவாள். வேப்பெண்ணெய் தடவிப் பார்ப்பாள். பாட்டியிடம் படுக்க விட்டுப் பார்ப்பாள். இந்தத் தொல்லை மனிதருக்கு மட்டுந்தான் என்று எண்ணிவிடாதீர்கள். காட்டில் வாழும் மனிதக் குரங்குகளின் குடும்பத்திலும் இதே கதைதான்!

ஆப்பிரிக்காவில், இன்றைய டான்ஸானியா நாட்டில், டாங்கனீக்கா ஏரிக்கரையில் கோம்பே என்று ஒரு காடு இருக்கிறது. 1960-ஆம் ஆண்டில் ஜேன் குடால் என்ற 26 வயதுப் பெண்மணி அங்கே போய்ச் சிம்பன்ஸிகளைக் கவனிக்கத் தொடங்கினார். 2025-ல், 91-ஆவது வயதில் காலமாகும் வரை அவருக்கு அந்தக் குரங்குகளின் மீதிருந்த பாசம் குறையவேயில்லை.

சிம்பன்ஸிக் குட்டி நாலைந்து வயது வரை பால் குடிக்கிறது. இடையிலேயே பழமும் இலையும் தின்னப் பழகிவிடும். ஆனாலும் பாலை மட்டும் விடாது. மூன்று வயதுக்குமேல் தாய் மெள்ள மெள்ள மறுக்க ஆரம்பிப்பாள். குட்டி உதட்டைப் பிதுக்கும், சிணுங்கும். அதற்கும் மசியாவிட்டால் தரையில் விழுந்து புரண்டு, காடே அதிரும்படி கூச்சல் போடும். தாய் கை ஓங்குவது அபூர்வம். கிச்சுக்கிச்சு மூட்டுவாள், ரோமத்தைக் கோதிவிடுவாள், எப்படியாவது அதன் கவனத்தைத் திருப்பப் பார்ப்பாள்.

போர்னியோ, சுமத்ரா தீவுகளில் வாழும் ஒராங் உட்டான் இன்னும் ஒரு படி மேலே. அங்கே தகப்பன் உதவி கிடையாது. தாய் ஒண்டியாகவே பிள்ளையை வளர்க்கிறாள். எந்தப் பழம் தின்னலாம், அது எங்கே கிடைக்கும் என்பதெல்லாம் அவள் கூடவே திரிந்து கற்க வேண்டிய பாடம். 'எத்தனை வயது வரை பால் கொடுக்கிறாள்?' என்பதைக் கீழே நின்று கண்டுபிடிப்பது எளிதல்ல. எல்லாம் மர உச்சியில் அல்லவா நடக்கிறது!

அந்த ரகசியத்தைப் பற்கள் வெளியிட்டன. தாய்ப்பாலில் உள்ள பேரியம் என்ற பொருள், வளரும் பல்லில் படிகிறது. பல்லோ, மரத்தின் வளையங்களைப் போல அடுக்கடுக்காக வளர்கிறது. பொருட்காட்சிசாலையில் இருந்த பற்களை ஆராய்ந்து 2017-ல் விஞ்ஞானிகள் முடிவை வெளியிட்டார்கள்: ஒரு சுமத்ரா ஒராங் உட்டான் எட்டு வயதுக்கு மேலும் பால் குடித்திருக்கிறது! பழம் மலிந்த காலத்தில் பால் குறைகிறது. பழம் அருகிய காலத்தில் மீண்டும் கூடுகிறது. பஞ்சத்தில் பிள்ளையைக் காப்பது தாய்ப்பால்தான்.

பால் மறக்கடிக்க முடியாமல் போனால் என்ன ஆகும்? கோம்பேயில் ஃப்ளோ என்ற வயதான தாய் இருந்தாள். முன்பு பல பிள்ளைகளைத் திறமையாக வளர்த்தவள். 1964-ல் அவளுக்கு ஃப்ளிண்ட் பிறந்தான். 1968-ல் தங்கை பிறந்த பிறகும் அவன் தாயின் முதுகை விட்டு இறங்க மறுத்தான்; அவள் படுக்கையில்தான் தூங்குவேன் என்று அடம் பிடித்தான். அவனுடன் போராடக் கிழவிக்குத் தெம்பில்லை. ஆறு மாதத்தில் அந்தத் தங்கையும் மறைந்துவிட, ஃப்ளிண்ட் மறுபடி கைக்குழந்தை ஆகிவிட்டான்.

1972-ல் ஓர் ஓடைக்கருகே ஃப்ளோ இறந்து போனாள். எட்டரை வயது ஃப்ளிண்ட் அவள் உடலருகே உட்கார்ந்திருந்தான். பின்பு ஒரு நாள் மரமேறி, இருவரும் சேர்ந்து உறங்கிய இலைப் படுக்கையை வெறித்துப் பார்த்தான். உணவு செல்லவில்லை, நோய் கண்டது. ஒரு மாதத்துக்குள், தாய் இறந்த இடத்தருகிலேயே அவனும் உயிரை விட்டான்.

இப்படிப் பல வருஷம் பாலூட்டும் தாய்க்கு அடுத்த பிள்ளை பிறக்கவும் தாமதமாகிறது. ஒராங் உட்டானுக்கு ஒரு பிள்ளைக்கும் மறு பிள்ளைக்கும் இடையே ஏழெட்டு வருஷம் ஆகிவிடும். வீட்டில் வளர்க்கக் குட்டி வேண்டும் என்று கேட்பவர்களுக்காக வேட்டைக்காரர்கள் முதலில் தாயைத்தான் சுடுகிறார்கள். உயிரோடிருக்கும்போது அவள் குட்டியை விடமாட்டாள். காடும் அழிந்துவருவதால், இன்று மூன்று வகை ஒராங் உட்டான்களும் அற்றுப் போகும் அபாயத்தில் இருக்கின்றன. ஒரு தாயைச் சுட ஒரு நிமிஷம் போதும். அவள் இடத்தை நிரப்ப ஒரு மகள் வளர்ந்து தாயாவதற்குப் பதினைந்து வருஷம் போல் ஆகிறது.