பெயர்ப்பலகையில் இல்லாத இலக்கம்

வன்னியின் மல்லாவியிலோ ஒட்டுசுட்டானிலோ ஒரு தனியார் கிளினிக்கின் பலகையில் ‘எம்.டி.’ என்று கண்டால், விசேட வைத்திய நிபுணர் என்றே நினைத்துக்கொள்கிறோம். ரஷ்யாவில் ஆறு வருடம் படித்து வாங்கும் முதற்பட்டத்துக்கும் அதே எழுத்துகளைப் போடுவார்கள். அது நமது எம்.பி.பி.எஸ். படிக்கு நிகரானது. இலங்கையில் எம்.டி. என்பது வைத்தியரான பிறகு பட்டப்பின் படிப்பில் எடுப்பது. பலகை எழுத்தை நம்பிப் பயனில்லை. கேட்க வேண்டியது இலங்கை மருத்துவ சபையின் பதிவு இலக்கத்தை.

1927 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க மருத்துவக் கட்டளைச் சட்டப்படி, மேலைத்தேய மருத்துவம் பார்ப்பவர் சபையின் பதிவேட்டில் இருந்தாக வேண்டும். எந்த நாட்டில் படித்தார் என்பது அதன் பிறகுதான். வெளிநாட்டில் படித்து வரும் இலங்கையர் முதலில் ஈ.ஆர்.பி.எம். என்ற பதிவுக்கான பரீட்சையில் சித்தியடைய வேண்டும். பழைய ஆட்கள் இதை ‘அக்ட் 16’ என்பார்கள். சித்தியடைந்தால் கிடைப்பது முழுப் பதிவு அல்ல, உள்ளகப் பயிற்சிக்கான தற்காலிக அனுமதி மட்டுமே. அங்கீகரிக்கப்பட்ட ஆஸ்பத்திரியில், நிபுணர்களின் கண்காணிப்பில், ஆறாறு மாதமாக இரண்டு பிரிவுகளில் ஒரு வருடம் வேலை செய்து முடித்தால்தான் முழுப் பதிவு.

ஆபத்து அதிகம் இருப்பது முழுப் பதிவுக்கு முந்திய இந்த இடைவெளியில். பரீட்சை எழுதக் காத்திருக்கும் காலம், பயிற்சி நியமனத்துக்குக் காத்திருக்கும் காலம் என்று வருடங்கள் ஓடும். வீட்டில் கடன், ஊரில் ‘டொக்டர்’ என்ற பெயர். தெரிந்தவரின் கிளினிக்கில் பின்னேரம் இருந்து மருந்து எழுதச் சொல்லி ஆள் வரும். பாவம் பிள்ளை என்று நமக்கும் தோன்றும். ஆனால் அது சட்டவிரோதம். பிடிபட்டால் கேள்விக்குள்ளாவது அவருடைய எதிர்காலப் பதிவே. வெளிநாட்டில் படித்தவரைக் குறைத்துப் பேசவில்லை. அவர்களில் மிகத் திறமையானவர்கள் அரச ஆஸ்பத்திரிகளில் வேலை செய்கிறார்கள். சட்டம் கேட்பது அந்த ஒரு வருடக் கண்காணிப்பைத்தான். டெங்குக் காய்ச்சல்காரருக்குச் சேலைன் எவ்வளவு ஏற்றலாம் என்பது புத்தகத்தில் மட்டும் படித்து வருவதில்லை.

வன்னியில் வைத்தியரைக் கேள்வி கேட்கும் பழக்கம் குறைவு. அதற்குக் காரணமும் உண்டு. போர்க்காலத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய வைத்தியர்களும் உதவி வைத்திய அதிகாரிகளும்தான் நமது ஆஸ்பத்திரிகளைத் தாங்கினார்கள். 2009 இல் செட்டிகுளம் அகதி முகாம்களுக்கு இந்திய, பிரெஞ்சு மருத்துவக் குழுக்கள் வந்தன. வந்தவரெல்லாம் தெய்வம் என்றிருந்த காலம் அது. இன்றைக்கு லண்டனிலிருந்தோ கனடாவிலிருந்தோ ஒரு வைத்தியர் ஊருக்கு வந்து இலவச முகாம் நடத்தினால் நன்றியோடு வரிசையில் நிற்கிறோம். அந்த நாட்டில் அவருக்குள்ள பதிவு இங்கே செல்லாது. வெளிநாட்டு வைத்தியருக்கு மருத்துவக் கட்டளைச் சட்டத்தில் தற்காலிகப் பதிவு என்றொரு வழி உண்டு. இடத்தையும் காலத்தையும் வரையறுத்துத்தான் அதைக் கொடுப்பார்கள். முகாம் நடத்தும் சங்கம் அந்தப் பதிவுக் கடிதத்தை முன்கூட்டியே எடுத்து, பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கும் அறிவித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு ஊசி பிழைத்தால்கூட யாரைக் கேட்பது?

பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்ப வயல்காணியை ஈடு வைக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. குறித்த பல்கலைக்கழகத்தைச் சபை ஏற்றுக்கொள்கிறதா, பிள்ளையின் உயர்தரப் பெறுபேறு போதுமா என்று காசு கட்ட முதல் சபையிடமே எழுதிக் கேளுங்கள். முகவர் காட்டும் வண்ணப் புத்தகம் பதில் அல்ல.

நோயாளியாகப் போகும்போது மருந்துத் துண்டில் வைத்தியரின் பெயரும் பதிவு இலக்கமும் உள்ள இறப்பர் முத்திரை இருக்கிறதா பாருங்கள். சபையின் இணையத்தளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். சித்த, ஆயுள்வேத வைத்தியர்களுக்கு வேறு சபை, வேறு பதிவு. கிளினிக்கும் 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் தனியாகப் பதிவாகி, வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். சந்தேகம் வந்தால் பொலிசிலும் பிராந்தியப் பணிப்பாளர் பணிமனையிலும் சொல்லுங்கள்.

சிகிச்சையில் உயிர் போய்விட்டால், மனம் தாங்காமல் உடலை உடனே எரித்துவிட வேண்டாம். பொலிசுக்கு அறிவித்து, மரண விசாரணையும் சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனையும் கேளுங்கள். அந்தச் சான்று போனால் பிறகு எந்த வழக்கும் நிற்பது கடினம்.

பதிவுள்ள வைத்தியரின் நடத்தையை விசாரித்துப் பதிவேட்டிலிருந்து நீக்கும் அதிகாரம் சபைக்கு உண்டு. நட்டஈடு வேண்டுமானால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போக வேண்டும், அதுவும் இரண்டு வருடத்துக்குள். வழக்கறிஞருக்குக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். அரச ஆஸ்பத்திரியில் உங்கள் அடிப்படை உரிமை மீறப்பட்டதாகக் கருதினால் உயர் நீதிமன்றம் போக ஒரு மாதமே அவகாசம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் வவுனியா அலுவலகத்தில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது.

கொழும்பிலுள்ள சபைக்கு முறைப்பாடு எழுத ஆங்கிலம் வேண்டுமே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அரச நிறுவனங்களுக்குத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பு உரிமை தந்திருக்கிறது. நடந்ததைத் திகதிவாரியாகத் தமிழிலேயே எழுதி, கிளினிக் கொப்பி, மருந்துத் துண்டு, பற்றுச்சீட்டு எல்லாவற்றின் பிரதிகளையும் இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மூலப்பிரதிகளை யாரிடமும் கொடுக்க வேண்டாம்.