முதல் கில்ட்: கட்டம் எது, கெஜம் எத்தனை?

லாயாங் லாயாங்கில் ஒரு பிள்ளை பேக்பைப் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று சொன்னால், வீட்டில் எழும் முதல் கேள்வி இசையைப் பற்றியதாக இருக்காது. “அந்தக் கட்டம் போட்ட பாவாடையைக் கட்டிக்கிட்டுத்தான் வாசிக்கணுமா?” என்றுதான் கேட்பார்கள். கற்பவரின் ஆசையோ அதற்கு நேர் எதிரானது. காற்றுப் பையை அக்குளில் இடுக்குவதற்கு முன்பே கில்ட் வாங்கிவிட வேண்டும், அதுவும் தனக்கு ‘உரிமையுள்ள’ டார்டனில், அதாவது கட்ட வடிவத்தில், வாங்க வேண்டும் என்று மனம் பரபரக்கும். இருவருமே அவசரப்படுகிறார்கள்.

பேக்பைப் கற்பவர் முதலில் கையில் எடுப்பது பேக்பைப்பே அல்ல. பையோ சுருதிக் குழல்களோ இல்லாத, நாகஸ்வரச் சீவாளி போல நாக்கு வைத்த ஒற்றைக் குழல் அது. பயிற்சிச் சாண்டர் என்பார்கள். அதில் வருபவை ஒன்பதே சுரங்கள். அந்த ஒன்பதையும் அவற்றுக்கு இடையே விழும் நுணுக்கமான அலங்காரங்களையும் விரல்களுக்குப் பழக்கவே பல மாதங்கள் ஆகும். முழு வாத்தியத்துக்குப் போக ஓர் ஆண்டுகூடப் பிடிக்கலாம். அதுவரை வரவேற்பறையில் கைலியோடு உட்கார்ந்து வாசித்தால் போதும்.

கில்ட்டின் தாயகமான ஸ்காட்லாந்து லாயாங் லாயாங்குக்கு அப்படியொன்றும் அந்நியமில்லை. ஜொகூரின் குளுவாங் மாவட்டத்தில், ரயில் பாதையை ஒட்டி, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் சிற்றூர் இது. பக்கத்திலுள்ள உலு ரெமிஸ் தோட்டத்தின் பெயர் உலகெங்கும் செம்பனை ரகங்களை ஆராய்பவர்களுக்குத் தெரியும். அங்கே தேர்ந்தெடுத்து வளர்த்த ‘டூரா’ மரங்களின் வழித்தோன்றல்கள் பல நாடுகளில் நிற்கின்றன. அந்தத் தோட்டத்தை நடத்திய கத்ரி நிறுவனத்தைச் சிங்கப்பூரில் 1821-இல் தொடங்கியவர் அலெக்சாண்டர் கத்ரி. ஸ்காட்லாந்தின் ஆங்கஸ் வட்டாரத்துக்காரர். 1981 செப்டம்பர் 7 அன்று லண்டன் பங்குச் சந்தையில் சில மணி நேரத்துக்குள் அந்த நிறுவனம் மலேசியர் கைக்கு வந்த கதை பழைய தலைமுறைக்கு நன்றாக நினைவிருக்கும். துரைகள் போய்விட்டார்கள், மரங்கள் இருக்கின்றன.

போரும் இந்த வழியாகத்தான் வந்தது. 1942 ஜனவரி 28 அன்று லாயாங் லாயாங் அருகே ரயில் பாதையில் 9-ஆவது இந்திய டிவிஷனின் தளபதி மேஜர் ஜெனரல் பார்ஸ்டோ ஜப்பானியர்களால் கொல்லப்பட்டார். மூன்று நாள் கழித்து, ஜனவரி 31 காலை, சிங்கப்பூருக்குப் பின்வாங்கிய படைகளின் கடைசி வரிசையாக ஆர்கைல் அண்ட் சதர்லேண்ட் ஹைலேண்டர்ஸ் என்ற ஸ்காட்டிஷ் படையினர் ஜொகூர் பாலத்தைக் கடந்தார்கள். ஸ்லிம் ரிவர் சண்டையில் சிதைந்து எஞ்சியிருந்த சிறு கூட்டம் அது. அவர்களுடைய பைப்பர்கள் வாசித்துக்கொண்டே நடந்தார்கள். அதன் பிறகு பாலம் தகர்க்கப்பட்டது. பிரிட்டிஷ் ராணுவம் போர்க்கள உடையிலிருந்து கில்ட்டை அதற்கு முன்பே விலக்கிவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கில்ட் இல்லாவிட்டாலும் பைப் ஒலிக்கும்.

போருக்குப் பின் இதற்கு இன்னொரு சான்றும் இங்கே வந்து சேர்ந்தது. 1948-இல் கூர்க்கா பொறியாளர் படை உருவானது குளுவாங்கில்தான். பிரிட்டிஷ் கூர்க்கா படைகளின் பைப்பர்கள் கில்ட் உடுத்துவதில்லை, கால்சட்டைதான். டார்டன் அவர்களுடைய தோள் துணியிலும் பைப்பின் பை உறையிலும் நாடாக்களிலும் இருக்கும். அன்றைய 7-ஆவது கூர்க்கா ரைபிள்ஸுக்கு டக்ளஸ் டார்டன், 10-ஆவதுக்கு ஹண்டிங் ஸ்டூவர்ட் என்று இருந்தன. இவை கூர்க்காக்களின் குலச் சின்னங்கள் அல்ல. தங்களோடு உறவு பூண்ட ஸ்காட்டிஷ் படைப்பிரிவுகளிடமிருந்து பெற்றவை. வீட்டார் கில்ட்டுக்கு முகம் சுளித்தால் கூர்க்கா வழியைக் காட்டலாம். ஒரு நல்ல பை உறையோடு தொடங்குவதில் குறைவேதும் இல்லை.

சரி, டார்டனுக்கு வருவோம். தொடக்கநிலையாளரை அதிகம் பயமுறுத்தும் நம்பிக்கை ஒன்று உண்டு: ஒவ்வொரு கட்டமும் ஒரு குலத்துக்குச் சொந்தம், வேறு யாரும் தொடக் கூடாது என்பது. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1746-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஹைலேண்ட் உடைக்குத் தடை விதித்தது. 1782-இல் தடை நீங்கியது. 1822-இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது, நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் ஏற்பாடு செய்த வரவேற்பில் எல்லோரும் டார்டனில் நிற்க வேண்டியதாயிற்று. பேனக்பர்னில் இருந்த வில்சன் நெசவாலைக்கு ஆர்டர்கள் குவிந்தன. எந்தக் குலத்துக்கு எந்தக் கட்டம் என்ற பட்டியல் பெரும்பாலும் அந்தக் காலத்து விளைச்சல். 1842-இல் வெளியான ‘வெஸ்டியேரியம் ஸ்காட்டிகம்’ என்ற நூல் பழஞ்சுவடி என்று சொல்லிக்கொண்டு பல குல டார்டன்களைத் தந்தது. அது போலி என்று பின்னால் தெரிந்தது. அதிலிருந்த கட்டங்கள் மட்டும் இன்றும் நன்றாக விற்கின்றன.

ஆகவே இன்னாருக்கு இன்ன டார்டன் என்று சட்டம் எதுவும் இல்லை, மரியாதை உண்டு. ஸ்காட்லாந்து அரசின் டார்டன் பதிவேடு 2009 முதல் இயங்குகிறது. யார் வேண்டுமானாலும் அதில் தேடிப் பார்க்கலாம். தொடவே கூடாதது என்று ஒன்றைச் சொல்வதென்றால் அது பால்மோரல் டார்டன். அரச குடும்பத்தினரும் மன்னரின் சொந்தப் பைப்பரும் மட்டும் அணிவது. மற்றபடி பிளாக் வாட்ச், ஹண்டிங் ஸ்டூவர்ட், கலிடோனியா, ஐல் ஆஃப் ஸ்கை போன்றவை எவருக்கும் பொது. அடர்பச்சையும் கருநீலமும் கலந்த பிளாக் வாட்ச் எந்தச் சட்டையோடும் ஒத்துப்போகும், அழுக்கும் எளிதில் தெரியாது. முதல் கில்ட்டுக்கு அதைவிடப் பாதுகாப்பான தேர்வு இல்லை.

ஆனால் இதையெல்லாம் முந்துகிற விதி ஒன்று இருக்கிறது. பைப் பேண்டில் சேரப் போகிறவர் டார்டனைத் தேர்ந்தெடுப்பதில்லை. பேண்டு என்ன அணிகிறதோ அதுதான் அவருக்கும். பல பேண்டுகள் சீருடையைத் தாங்களே இரவலாகத் தரும். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கில்ட்தான். சொந்தக் காசைப் போட்டு முழு உடை வாங்கிய பிறகு பேண்டில் சேர்ந்தால், வாங்கியது அலமாரியில் தொங்கும். ஜொகூர்க்காரர் வடக்கே கோலாலம்பூர், தெற்கே சிங்கப்பூர் என்று இரண்டு பக்கமும் விசாரித்துவிட்டுப் பணப்பையைத் திறப்பது நல்லது.

கோலாலம்பூரில் 1986-இல் தொடங்கிய ஸ்ரீ தஸ்மேஷ் பைப் பேண்டு, சொந்த அடையாளத்தை விடாமல் பைப் வாசிப்பதற்கு நல்ல முன்மாதிரி. சீக்கிய இளைஞர்களின் பேண்டு அது. தலைப்பாகையைக் கழற்றாமலேயே 2019-இல் கிளாஸ்கோவில் நடந்த உலகப் பைப் பேண்டுப் போட்டிவரை போய் வந்தார்கள். ஸ்காட்லாந்தில் வாழ்ந்த சர்தார் இக்பால் சிங் 1999-இல் சிங் என்ற பெயருக்கே ஒரு டார்டன் உருவாக்கச் செய்தார். தனக்கென்று கட்டம் வேண்டுவோருக்கு அந்த வழியும் திறந்தே இருக்கிறது. புதிதாக வடிவமைத்துப் பதிவு செய்யலாம். கத்ரி என்ற பெயரிலும் ஒரு டார்டன் உண்டு. பாட்டன் ரப்பர்ப் பால் வெட்டிய தோட்டத்தின் முதலாளி பெயரை இடுப்பில் கட்டிக்கொள்வது குறும்பா, அடிமைப் புத்தியா என்பதை அவரவர் வீட்டில் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

கட்டம் போட்ட துணியை இடுப்பில் சுற்றுவதற்குத் தமிழருக்கோ மலாய்க்காரருக்கோ ஸ்காட்லாந்து பாடம் எடுக்க வேண்டியதில்லை என்பதும் உண்மை. மலாய் ஆண்கள் உடுத்தும் கட்டம் போட்ட ‘பெலிக்காட்’ கைலிக்குப் பெயர் கொடுத்ததே சென்னைக்கு வடக்கேயுள்ள பழவேற்காடு. அங்கிருந்து நூற்றாண்டுக் கணக்கில் இந்தப் பக்கம் துணி கப்பலேறியது.

கில்ட்டின் வேறுபாடு அதன் கொசுவத்தில் இருக்கிறது. முன்பக்கம் இரண்டு தட்டையான மடல்கள், பின்பக்கம் முழுவதும் தைத்து நிறுத்திய ஆழமான கொசுவங்கள். முழு கில்ட்டுக்கு எட்டு கெஜம். மடிசார் கட்டத் தெரிந்த பாட்டியிடம் சொன்னால் ஒரு கெஜம் குறைகிறதே என்பார். 16 அவுன்ஸ் கம்பளியில் தைத்தால் ஏறக்குறைய இரண்டு கிலோ எடை வரும். அணிவகுப்பில் அழகாக வீசியாடுவது அந்த எடையால்தான், ஜொகூரின் மதிய வெயிலில் வேர்த்துக் கொட்டுவதும் அதனால்தான். நம் ஊருக்கு 13 அவுன்ஸ் நடுவழி. பாலியஸ்டரும் விஸ்கோஸும் கலந்த துணி இன்னும் இலேசு, விலையும் குறைவு, பூச்சியும் அரிக்காது. அக்ரிலிக் மட்டும் வேண்டாம். கொசுவம் சீக்கிரம் தளர்ந்துவிடும்.

கொசுவம் பிடிப்பதிலும் இரண்டு முறை உண்டு. முன்பக்கத்துக் கட்டம் பின்னாலும் அப்படியே தெரியும்படி மடிப்பது ஒன்று. ஒரே கோடு ஒவ்வொரு மடிப்பிலும் திரும்பத் திரும்ப வரும்படி மடிப்பது இன்னொன்று. இரண்டாவது ராணுவ மரபு. நடக்கும்போது மறைந்திருந்த நிறம் பளிச்சென்று விரிந்து மூடும்.

அளவெடுப்பதில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. கால்சட்டை இடுப்பளவைத் தையற்காரருக்கு அனுப்பக் கூடாது. கில்ட் அதைவிட மேலே, தொப்புளை ஒட்டி உட்காரும். அங்கே ஒரு சுற்று, இடுப்பின் அகலமான பகுதியில் ஒரு சுற்று, தொப்புளிலிருந்து முழங்கால் சில்லின் நடுவரை நீளம். இந்த மூன்றையும் வேறொருவரைக் கொண்டு எடுக்க வேண்டும். தானே குனிந்து பார்த்தால் நீளம் மாறிவிடும். துணியின் கரையே கீழ் விளிம்பாக வருவதால், பின்னர் பிரித்து நீட்ட மடித்துத் தைத்த துணி ஏதும் இருக்காது. வளரும் பிள்ளைகளுக்கு இரவல் கில்ட் அல்லது பழைய கில்ட் வாங்குவதே புத்திசாலித்தனம்.

மற்ற உருப்படிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இறகுத் தொப்பி, நீண்ட தோள் துணி, குதிரைமயிர்ப் பை என்று படங்களில் பார்க்கும் முழு ராணுவக் கோலம் பேண்டுகளில் ‘முதல் எண் உடை’. அது புதியவருக்குத் தேவையே இல்லை. ‘இரண்டாம் எண் உடை’ போதும்: கிளென்கெரி தொப்பி, அரைக்கைச் சட்டை, டை, வேஸ்ட்கோட், கில்ட், முன்னால் தொங்கும் ஸ்போரன் பை, முழங்கால்வரை காலுறை, அதைப் பிடிக்கும் பட்டை, கறுப்புக் காலணி. காலுறையில் செருகும் ஸ்கீயன் டூ கத்தியை மறந்துவிடலாம். விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக முடியாது, வாசிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வாங்கும் இடங்கள் இரண்டு வகை. ஸ்காட்லாந்தில் கையால் தைத்தது பல நூறு பவுன் ஆகும். பாகிஸ்தானின் சியால்கோட்டில் தைத்து உலகெங்கும் அனுப்புவது அதில் ஒரு சிறு பங்கு விலைக்கே கிடைக்கும். தரம் மட்டும் கடைக்குக் கடை மாறும். துணியின் பெயரையும் எடையையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். மிச்சப்பட்ட பணத்தை நல்ல நாக்குகளுக்கும் ஆசிரியருக்கும் செலவிடலாம்.

தபாலில் வந்த புதுக் கில்ட்டைப் பிரித்தால் கொசுவங்களின் குறுக்கே வெள்ளை நூல் ஓடியிருக்கும். மடிப்பு கலையாமலிருக்கப் போட்ட தற்காலிகத் தையல் அது. உடுத்துமுன் அதைப் பிரித்தெடுக்க வேண்டும். தெரியாமல் அப்படியே மேடையேறியவர்கள் உண்டு. கில்ட் ஊசியை மேல் மடலில் மட்டும் குத்த வேண்டும். இரண்டு மடல்களையும் சேர்த்துக் குத்தினால் உட்காரும்போது துணி கிழியும். அணிந்து முடித்ததும் இந்த ஈரக் காற்றில் பெட்டிக்குள் திணிக்காமல், வேர்வை உலரும்வரை மின்விசிறிக்கு அடியில் தொங்கவிட்டு, பிறகு அலமாரியில் வைக்க வேண்டும்.