கல்யாணப் பந்திக்கு வீட்டு அடுப்பு போதுமா?

நாலு பேருக்குச் சமைக்க வீட்டு அடுப்பு போதும். ஆயிரம் பேருக்குப் பந்தி என்றால் கோட்டை அடுப்பு மூட்ட வேண்டும். வளரும் நரம்பிலும் தசையிலும் நடப்பது இதுதான். சமையற்கட்டு, உயிரணுவுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா. பந்திக்குப் போகும் சாப்பாடு, ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு.

1. வீட்டு அடுப்பு

பிரிந்து பெருகும் இளம் உயிரணு, குளுக்கோஸை மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியிலேயே பெருமளவு உடைத்துக்கொள்கிறது. ஒரு குளுக்கோஸுக்கு 2 ஏடிபிதான் மிச்சம். ஆனால் எரியாத கார்பன் புதிய உயிரணு கட்ட உதவும்.

2. கோட்டை அடுப்பு

நரம்பணுவாக முதிர்ந்ததும் பிரிவது நின்றுவிடும். செய்தி கடத்தும் செலவோ ஏறிவிடும். ஹெக்ஸோகைனேஸ்-2 போன்ற பழைய அடுப்பின் புரதங்கள் குறைகின்றன. ஆக்சிஜனோடு முழுதாக எரித்தால் அதே குளுக்கோஸுக்குச் சுமார் 30 ஏடிபி.

3. குமிழ் மாற்றம்

அந்த ஆக்சிஜனைக் கையாளும் பர்னர், சைட்டோகுரோம் சி ஆக்ஸிடேஸ். அதன் நடுவிலுள்ள 3 புரதங்களுக்கான மரபணுக்கள் மைட்டோகாண்ட்ரியாவிலேயே, தாய்வழியாக வருகின்றன. சுற்றியுள்ளவற்றின் மரபணுக்கள் உட்கருவில் உள்ளன. தீயைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள் மாதிரி இவை. இவற்றில் 6ஏ, 7ஏ இரண்டுக்கும் கல்லீரல் வகை, இதய வகை என இரு வடிவங்கள். கருவின் எலும்புத் தசையில் கல்லீரல் வகை மிகுதி. பிறப்பை ஒட்டிய காலத்தில் இதய வகை மேலோங்குகிறது. மூளை பெரும்பாலும் கல்லீரல் வகையையே வைத்துக்கொள்கிறது. பர்னர் ஒன்றுதான், குமிழ் வேறு.

4. பரிமாறும் ஜன்னல்

காலித் தட்டான ஏடிபியை (ADP) உள்ளே வாங்கி, நிரம்பிய ஏடிபியை (ATP) வெளியே தருவதற்கும் ஒரு புரதம் உண்டு: ஏஎன்டி. பெருகும் உயிரணுக்களில் ஏஎன்டி-2 மிகுதி. முதிர்ந்த தசையிலும் இதயத்திலும் ஏஎன்டி-1.

5. அடுப்பு எரியாவிட்டால்?

தசையில் அந்த ஆக்சிஜன் பர்னர் சரியாக எரியாததால் சில பச்சிளங்குழந்தைகள் பிறந்த சில வாரங்களில் துவண்டுபோகும்; மூச்சுவிட வென்டிலேட்டர் தேவைப்படலாம். மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவின் 14674ஆம் இடத்தில் ஓர் எழுத்து மாறியிருப்பது இதற்கொரு காரணம் என 2009இல் தெரியவந்தது. இந்த வகையில் குழந்தை தாக்குப்பிடித்தால் சில மாதங்களில் தேறத் தொடங்கி, பெரும்பாலும் இரண்டு மூன்று வயதுக்குள் நடமாடும். தசைத் துணுக்கை மட்டும் பார்த்தால் இதே பர்னர் கெட்டு உயிர்பறிக்கும் வகையும் தேறிவிடும் இந்த வகையும் ஒன்றுபோலவே தெரியலாம். ரத்தத்தில் செய்யும் மரபணுச் சோதனை பிரித்துக் காட்டிவிடும். வென்டிலேட்டரை எடுக்கலாமா என்ற பேச்சு எழும் முன் அந்தச் சோதனை முடிந்திருக்க வேண்டும்.