பூட்டு ஒன்று, சாவி எத்தனை பேரிடம்?

அவிநாசியில் வாடகை வீட்டைக் காலி செய்யும்போது ஒரு கணக்குப் பார்ப்பு நடக்கும். வீட்டுக்காரர் வந்து சுவரில் அடித்த ஆணிகளை எண்ணுவார். மின்விசிறியைச் சுழல விட்டுப் பார்ப்பார். கரண்ட் பில் பாக்கியைக் கேட்பார். வெள்ளையடிக்கிற செலவை அட்வான்சில் கழிப்பார். வாசல் சாவி இரண்டையும் மோட்டார் ரூம் சாவியையும் மறக்காமல் வாங்கிக்கொள்வார். "லெட்டர் பாக்ஸ் சாவி எங்கீங்க?" என்று கேட்ட வீட்டுக்காரரை நான் இதுவரை பார்த்ததில்லை.

புதிதாகக் குடிவருகிறவர் வாசலுக்குப் புதுப் பூட்டு வாங்குவார். காம்பவுண்டுச் சுவரிலோ மாடிப்படிக்கு அடியிலோ மாட்டியிருக்கும் தகரப் பெட்டியில் பழைய பூட்டே கிடக்கும். போன வருடம் குடியிருந்தவரிடம் அதற்கு ஒரு சாவி இருக்கிறது. அவருக்கு முந்தியவர் போட்டுவைத்த கள்ளச் சாவி ஒன்று வேறு ஊரில், யாரோ ஒருவருடைய மேசை டிராயரில் கிடக்கிறது. இந்த ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. திருப்பூர் பனியன் தொழில் பெருகப் பெருக அவிநாசி வரைக்கும் லைன் வீடுகளும் அடுக்குமாடிகளும் வந்துவிட்டன. ஒப்பந்தம் 11 மாதம். கம்பெனி மாறினால் வீடு மாறும், ஆர்டர் குறைந்தால் ஊரே மாறும். அத்தனை குடித்தனங்களுக்கும் ஒரே பூட்டு.

"இப்ப யாருங்க லெட்டர் போடறாங்க, எல்லாம் போன்லயே வந்துடுதுங்களே" என்று கேட்பவர்கள் உண்டு. கடிதம் குறைந்துவிட்டது என்பது சரிதான். ஆனால் குறைந்துபோனது நலம் விசாரிக்கும் கடிதம். மிச்சமிருப்பதெல்லாம் ஆளை அடையாளம் காட்டும் காகிதங்கள். ஆதார் கடிதம் சாதாரணத் தபாலில் வருகிறது. யாரும் கையெழுத்துக் கேட்பதில்லை, பெட்டியில் விழுந்துவிடும். பெயர், பிறந்த தேதி, முகவரி, புகைப்படம், 12 இலக்க எண் எல்லாம் அதே தாளில் இருக்கும். காப்பீட்டு நினைவூட்டல், வங்கிக் கடிதம், பங்குப் பத்திரத் தகவல் இவையும் அப்படித்தான் வந்து விழுகின்றன.

முக்கியமானதெல்லாம் கையில்தானே கொடுக்கிறார்கள் என்பது இன்னொரு சமாதானம். பதிவுத் தபால் 2025இல் விரைவுத் தபாலோடு இணைந்துவிட்டது. கையெழுத்து வாங்கிக் கொடுக்க வேண்டியதைத் தபால்காரர் இன்றும் கையில்தான் கொடுக்கிறார். ஆனால் கணவனும் மனைவியும் ஷிப்டுக்குப் போய்விட்ட வீட்டில் பகல் 12 மணிக்கு வாங்கிக்கொள்ள யார் இருப்பார்கள்? அவர் வந்துபோனதாக எழுதிய சீட்டு அதே ஓட்டைப் பெட்டியில்தான் விழுகிறது. அந்தச் சீட்டு காணாமல் போனால், ஏடிஎம் அட்டையோ ஓட்டுநர் உரிமமோ சில நாள் தபால் நிலையத்தில் காத்திருந்துவிட்டு அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும். முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பாடி மீட்டதாகச் சொல்லும் ஊர் இது. பெட்டியிலிருந்து போன காகிதத்தை அப்படி மீட்டுத்தர ஒருவரும் வரப்போவதில்லை.

அந்தப் பூட்டைத்தான் கொஞ்சம் பாருங்கள். ஹார்டுவேர் கடையில் 'கேம் லாக்' என்று கேட்டால் கொடுப்பார்கள். உருளைக்குள் ஸ்பிரிங்கில் ஏறி இறங்கும் சில மெல்லிய தகடுகள் இருக்கும். சரியான சாவி போனால் தகடுகள் ஒரே மட்டத்துக்கு வரும், உருளை திரும்பும், பின்னால் இருக்கும் இரும்பு நாக்கு கால்வட்டம் நகர்ந்து கதவை விடும். மலிவான பூட்டில் தகடும் குறைவு, சாவியில் வெட்டும் குறைவு. ஆகவே வேறுவேறாக வெட்டக்கூடிய சாவிகள் குறைவு. ஒரே சாவி திரும்பத் திரும்ப வரும். மூன்றாம் மாடிக்காரரின் சாவி முதல் மாடிப் பெட்டியைத் திறந்தால் அதில் அதிசயம் ஒன்றுமில்லை. தகடு தேயத் தேயக் கிட்டத்தட்டப் பொருந்துகிற சாவியும் திரும்பிவிடும். பல பூட்டுகளில் சாவி எண்ணை முகப்பிலேயே பொறித்திருப்பார்கள். அந்த எண்ணைப் படித்துக்கொண்டு போனால் அதே சாவியைத் தேடி வாங்குவது எளிது. என்னை அதிகம் கவலைப்படுத்துவது இந்த எண்தான்.

பழுதாவதற்குப் பெரும்பாலும் காரணம் தூசி. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று கொங்கு மண்ணின் புழுதியையெல்லாம் சாவித் துவாரத்தில் ஏற்றிவிடும். சாவி இறுகினால் நம் வீடுகளில் உடனே தேங்காய் எண்ணெயைத்தான் தேடுவோம். அது அந்த நேரத்துக்குத் திருப்பிக் கொடுக்கும். பிறகு எண்ணெயும் புழுதியும் சேர்ந்து களியாகித் தகடுகளைப் பிடித்துக்கொள்ளும். பென்சில் கரியைப் பொடித்துச் சாவியில் தடவி நாலைந்து தடவை போட்டு எடுத்தாலே போதும். அதற்கும் அசையவில்லை என்றால் பழுது பார்ப்பதில் பயனில்லை, மாற்றிவிடுங்கள். கதவைத் திறந்தால் உட்புறம் ஒரு நட்டு தெரியும். அதைக் கழற்றினால் பூட்டு கையோடு வந்துவிடும். கடைக்குப் போகும்போது பழையதையே எடுத்துப் போங்கள். துளையின் அகலம், உருளையின் நீளம், நாக்கு நேரா வளைவா, மூன்றும் ஒத்துப்போக வேண்டும். சாவி தொலைந்து பெட்டியே திறக்கவில்லை என்றால் சாவி போடுகிறவரைக் கூப்பிடுவது நல்லது. திருப்புளியால் நெம்பினால் தகரம் கோணிப்போகும். பிறகு எந்தப் பூட்டும் அதில் உட்காராது.

கொண்டியும் நாதாங்கியும் வைத்த பெட்டி கிடைத்தால் நான் அதையே வாங்கச் சொல்வேன். அதில் நெம்புத்தகடு வைத்த சின்னத் திண்டுக்கல் பூட்டைத் தொங்கவிடலாம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டு அது. கையால் ராவி ராவிச் செய்கிற அந்தத் தொழில், இயந்திரத்தில் வார்த்த மலிவுப் பூட்டுகளோடு போட்டிபோட முடியாமல் திணறுகிறது. குடித்தனம் மாறும்போது நட்டு, ஸ்பானர் எதுவும் வேண்டாம். பழைய பூட்டை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டினால் வேலை முடிந்தது.

மாடிக் கட்டடங்களில் தரைத்தளத்தில் பெட்டி வையுங்கள் என்று தபால் துறை நெடுநாளாகச் சொல்லி வருகிறது. பெரும்பாலும் வைத்தும் விடுகிறார்கள். பூட்டைத்தான் யாரும் கவனிப்பதில்லை. சிங்கப்பூரில் நம் சொந்தக்காரர்கள் குடியிருக்கும் அரசு அடுக்குமாடிகளில் வரிசையாக எண் போட்ட பெட்டிகள் இருக்கும். அவற்றின் பொதுக்கதவைத் தபால்காரர் தன் சாவியால் திறப்பார். வீட்டுக்கு வீடு இருக்கும் சின்னக் கதவின் பூட்டு கெட்டால் மாற்றுவது குடியிருப்பவர் பொறுப்பு. பொறுப்பு யாருடையது என்ற கேள்வியே அங்கே எழுவதில்லை. இங்கே வீட்டுக்காரர் குடித்தனக்காரரைக் கைகாட்டுவார், குடித்தனக்காரர் குடியிருப்போர் சங்கத்தைக் கைகாட்டுவார்.

லைன் வீடுகளின் நிலைமை இன்னும் மோசம். எட்டு அறைக்குப் பொதுவாக ஒரு பெட்டி, பூட்டு இருக்காது. பெட்டியே இல்லாத இடத்தில் முக்கு மளிகைக் கடைதான் பெட்டி. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தையல் மெஷினில் உட்காரும் பிள்ளைகளுக்கு இங்கே சொந்தம் பந்தம் கிடையாது. தமிழ் எழுத்தும் தெரியாது. வங்கிக் கணக்கு தொடங்கியவர்களுக்கு அட்டை அந்த முகவரிக்குத்தான் வந்தாக வேண்டும். ஓர் அறைக்கு ஒரு தகரப் பெட்டி, அதற்கு ஒரு தொங்கு பூட்டு என்று வாங்கினாலும் அவர்கள் கொடுக்கும் அட்வான்சில் அது ஒரு சிறு பங்குதான். வீட்டுக்காரர்கள் அதை அட்வான்சில் கழிக்காமல் தாங்களே மாட்டிக் கொடுக்க வேண்டும். 11 மாதப் பத்திரத்தில் வாசல் சாவி இரண்டு என்று எழுதும் வரிக்குக் கீழே தபால் பெட்டி, புதுப் பூட்டு, சாவி இரண்டு என்று இன்னொரு வரியையும் இந்தத் தையிலிருந்தே சேர்க்கலாம்.