கொள்ளையர் விட்டுப்போன பண்ணைச் சாமான்கள்

வைக்கிங் என்றாலே வாளும் கோடரியுமாகக் கப்பலில் வந்து இறங்கிய கொள்ளைக்காரர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். ஆனால், அவர்களில் பெரும்பாலானவர்கள் பார்லி விதைத்து, ஆடு மாடு வளர்த்துப் பிழைத்த குடியானவர்கள். நார்வேயில் அவர்களின் புதைகுழிகளைத் தோண்டினால் கதிர் அரிவாள், சாணைக்கல், தக்கிளி வட்டு எல்லாம் கிடைக்கின்றன. கதிர் அரிவாள் ஆண்களின் குழியிலும் உண்டு, பெண்களின் குழியிலும் உண்டு.

1903-ல் ஓஸ்பெர்க் என்ற இடத்தில் ஒரு விவசாயி தன் நிலத்திலிருந்த மண்மேட்டைத் தோண்டியபோது மரத்துண்டுகள் தட்டுப்பட்டன. மறு ஆண்டு பேராசிரியர் காப்ரியேல் குஸ்டாஃப்சன் தலைமையில் அகழாய்வு நடந்தது. உள்ளே சுமார் 21.5 மீட்டர் நீளக் கப்பல். அதில் இரண்டு பெண்கள். ஒருவர் 70 வயதைத் தாண்டியவர், இன்னொருவருக்கு 50 வயது இருக்கலாம். புதைத்தது கி.பி. 834-ல் என்பதை மரத்தின் ஆண்டு வளையங்கள் சொல்லிவிட்டன.

பொன்னும் வெள்ளியும் அதில் இல்லை. அடக்கம் நடந்து 100 ஆண்டுகளுக்குப் பிறகு யாரோ உள்ளே புகுந்து அள்ளிப்போயிருக்கிறார்கள். வந்தவர்கள் தங்களுடைய மர மண்வாரிகளையே குழிக்குள் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அவற்றை வைத்துத்தான் கொள்ளை நடந்த காலமே தெரியவந்தது!

அவர்கள் சீண்டாமல் விட்டதுதான் இன்றைக்குப் பெரும் செல்வம். ஒரு வண்டி, நான்கு பனிச்சறுக்கு வண்டிகள், இரும்புக் கொப்பரை, வாளிகள், நிலம் கொத்தும் கருவிகள், தறிகள். ஒரு சிறு தறியில் பாதி நெய்த நாடா அப்படியே நின்றது. ஆளி விதையும், அவுரி போல நீலச்சாயம் தரும் ஒரு செடியின் விதையும்கூட இருந்தன. களிமண்ணும் புல்கரணையும் காற்றுப் புகாமல் மூடியிருந்ததால்தான் மரம் மக்கவில்லை.

தோண்டி எடுத்த பிறகுதான் சோதனை. ஈரமரம் காய்ந்தால் சுருங்கிவிடும் என்று, ஓக் அல்லாத மரச் சாமான்கள் பலவற்றைச் சூடான படிகாரக் கரைசலில் ஊறவைத்தார்கள். அன்றைக்கு அதுதான் சிறந்த வழி. அந்தப் படிகாரத்திலிருந்து உருவான கந்தக அமிலம் 100 ஆண்டுகளாக மரத்தை உள்ளுக்குள்ளேயே அரித்துவருகிறது. வெளியே பார்க்க முழுசாக இருக்கும், தொட்டால் பொடியும். அமிலத்தை முறிக்கவும், மரத்துக்கு வலு சேர்க்கவும் நார்வே ஆய்வாளர்கள் இன்னமும் போராடுகிறார்கள். ஓக் மரத்தாலான கப்பலுக்குப் படிகாரம் வைக்கவில்லை, மெதுவாக உலர்த்தினார்கள். அது நிற்கிறது.